புதுப்பிப்பு: ஷின் ஸ்பிளின்ட்ஸ் இல்லயாம்

போன மாசம் கேட்டிருந்தேன்ல, தென்னாப்பிரிக்கால டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்ல ஜூம்பா கிளாஸ் எடுக்கிறேன், முழங்காலுக்குக் கீழ உள்பக்க எலும்பு வலிக்குதுன்னு, நீங்க பாதிப்பேர் ஷின் ஸ்பிளின்ட்ஸ்னீங்க (ஓடிக் குதிச்சு கீழ்க்கால் எலும்போரம் வர்ற வலி), அம்மா நல்லெண்ணெய் தேய்ச்சா போயிடும்னாங்க. ரெண்டும் இல்ல. ஃபிசியோ அக்கா விரலால அமுக்கிக்கிட்டே வந்தாங்க, ஒரு இடத்துல மட்டும், ஒரு ரேண்ட் காசு அளவுதான், கத்திட்டேன். ஷின் ஸ்பிளின்ட்ஸ்னா வலி எலும்போரம் நீளமா பரவியிருக்குமாம், இப்படி ஒரே புள்ளில குத்துனா ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் (திரும்பத் திரும்ப அதிர்ந்து எலும்புல விழுற மெல்லிய விரிசல்) சந்தேகமாம். எக்ஸ்ரேல ஒண்ணும் தெரியல (ஆரம்பத்துல பெரும்பாலும் தெரியாதாம்), எம்ஆர்ஐலதான் மாட்டுச்சு.

சிமெண்ட் மேல டைல்ஸ் ஒட்டுன ஹால்ல குதிச்சதும், வாரம் 4 கிளாஸை ஒரேயடியா 9 ஆக்குனதும்தான் வினை. இப்ப 6 வாரம் குதிக்கக் கூடாது, ஸ்டூல்ல உக்காந்து கையாலயே கிளாஸ் நடத்துறேன், ஆன்ட்டிங்க சிரிக்கிறாங்க. தைப்பூசக் காவடிக்கு வெறுங்கால்ல நடக்குறேன்னு வேண்டிக்கிட்டது வேற இருக்கு, அத பங்குனி உத்திரத்துக்குத் தள்ளியாச்சு.