நெல்லுக்குக் கருவாடு: வங்கிக்கு எப்படிக் கணக்குக் காட்டுவது?

வணக்கம் உறவுகளே. என் சின்னம்மா முல்லைத்தீவுக் கரையில் கருவாடு எடுத்து, முள்ளியவளை, ஒட்டுசுட்டான் பக்கம் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விற்கிறார். காசாக வருவது பாதிதான். காலபோக (மாரிப் பருவ) அறுவடை முடிந்ததும் நெல்லை அளந்து கொடுப்பார்கள். மற்ற மாதங்களில் தேங்காய், உழுந்து, முருங்கைக்காய். கணக்கெல்லாம் கலண்டர் ஓரத்தில்: 'ரீச்சர் வீடு, கட்டாக் கருவாடு 1 கிலோ, நெல் பிறகு'. தொண்ணூறுகளின் போர்க்காலப் பொருளாதாரத் தடையில் சவர்க்காரத்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் அலைந்த தலைமுறை. பற்றுச்சீட்டு என்றால் சிரிக்கிறார்.

இப்போது குளிர்ப்பெட்டி வாங்க வங்கிக் கடன் வேண்டும். வருமான ஆதாரம் கேட்கிறார்கள். வாங்கிய நெல்லை அன்றைய சந்தை விலையில் வரவு எழுதினால் ஏற்பார்களா? கிராம அலுவலரின் கடிதம் போதுமா, வியாபாரப் பதிவும் வேண்டுமா? வரி என்றதும் பயப்படுகிறார். இலங்கையில் 2025/26 வரியாண்டில் 18 இலட்சம் ரூபாய் வரை தனிநபர் விலக்கு உண்டு. அவருடைய வருமானம் அதற்குக் கிட்டவும் வராது என்று சொல்லியும் நம்பவில்லை.

இப்படிப் பண்டமாற்றில் வியாபாரம் செய்து கடன் எடுத்தவர்கள், கணக்குக் கொப்பியின் ஒரு பக்கத்தைப் படம் எடுத்துப் போட முடியுமா? பெயர்களை மறைத்துவிடுங்கள். வட்டிக்காரரிடம் போகும் யோசனையை மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள்.