முகம் வரைந்த பான்கேக்: பண்டிகைக் காலையில் நீங்கள் கண்டது என்ன?

பதிவு

மைதா மாவில் தடித்த தோசைபோல் சுட்ட பான்கேக்கின் மேல் பழங்களால் கலைமான் முகம் அமைப்பதுதான் கலைமான் முகப் பான்கேக். சென்ற கிறிஸ்துமஸ் காலையில் அப்படி ஒன்றை, ஸ்ட்ராபெர்ரி மூக்கும் வாழைப்பழ வில்லைக் கண்களும் வைத்து, நான்கு வயதான என் அக்கா மகளின் முன் வைத்தேன். அக்கா மேப்பிள் சிரப் என்னும் இனிப்புப் பாகை ஊற்றக் கையை நீட்டியதும், குழந்தை தட்டைத் தன் பக்கம் இழுத்து, இரண்டு உள்ளங்கைகளையும் அந்த முகத்தின் மேல் கவித்துக்கொண்டு, "வேண்டாம், அதுக்குக் கண்ணு எரியும்" என்றாள். அதற்குள் சாய்ந்துவிட்ட சிரப் நூலாக இறங்கி அவளுடைய கட்டைவிரல் நகத்தில் விழுந்தது. அவள் கையை எடுக்கவே இல்லை. பெரியவர்கள் சிரித்துவிட்டு அவரவர் தட்டுக்குத் திரும்பினார்கள், அவளும் அலங்காரமில்லாத வேறொரு பான்கேக்கை வயிறார உண்டாள். எனக்கு மட்டும் இன்றுவரை மனம் ஆறவில்லை. உயிருள்ளதைப் போலப் பார்க்கும் ஒரு முகத்தைச் செய்து கொடுத்துவிட்டு, அதையே வெட்டித் தின்னச் சொல்வது முறையா? உங்கள் வீடுகளில் இப்படி நடந்ததுண்டா?

மறுமொழி 1

முகம் வரைவதை நான் விட்டுவிட்டுப் பெயர் எழுதத் தொடங்கியவள். மாவில் சிறிது எடுத்துக் கோகோ பவுடர் கலந்து, கோகோ ஈரத்தை இழுத்துக் கெட்டியாகிவிடும் என்பதால் கொஞ்சம் பால் சேர்த்துத் தளர்த்தி, கூர்மூக்கு வைத்த சாஸ் பாட்டிலில் நிரப்பிக்கொள்வேன். முதலில் தவாவில் எழுத்துகளை இட்டு, அவை இறுகியதும் மேலே வெள்ளை மாவை ஊற்ற வேண்டும். கல்லைத் தொட்டிருக்கும் பக்கம்தான் திருப்பியபின் மேலே வருகிறது என்பதால், எழுத்துகளை வலமிடமாக மாற்றி எழுதியாக வேண்டும். தமிழில் 'ழ', 'ஞ' போன்றவற்றை ஒரு தாளில் எழுதி, அதைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துப் பழகினேன். என் அப்பாவுக்குப் பார்வை மங்கிப் பல காலமாகிறது. செய்தித்தாளைக் கையில் எடுப்பதே இல்லை. அந்தப் பண்டிகைக் காலையில் தட்டைக் கண்ணருகே தூக்கிப் பொன்னிறத்தின் மேல் தடித்த கறுப்பாக இருந்த தன் பெயரை எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தார். படித்து முடித்ததும் அம்மாவின் தட்டையும் கேட்டு வாங்கிப் படித்தார்.

மறுமொழி 2

மேலே எழுதியவருக்கு மறுப்பொன்று உண்டு. கறுப்புக் கோட்டுக்குக் கோகோ கட்டாயம் அன்று. அதே வெள்ளை மாவால் கோடு போட்டு, சிறு தீயில் சற்று நேரம் விட்டபின் மீதி மாவை ஊற்றினாலே, முதலில் இறங்கிய மாவு கூடுதலாகச் சிவந்து கோடு தெளிவாகத் தெரியும். ஏறக்குறைய 140 டிகிரி செல்சியசுக்கு மேல் மாவின் புரதமும் சர்க்கரையும் வினைபுரிந்து நிறம் ஏறுகிறது. நேரம் கூடக் கூட நிறமும் கூடும். வெண்ணெயைத் தாராளமாக விட்டால் திட்டுத்திட்டாகச் சிவந்து படம் கலைந்துவிடும், ஆகவே தடவியதைத் துணியால் துடைத்துவிடுங்கள்.

என் அனுபவம் சிறியது. ஒவ்வொன்றாக வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். கடைசித் தட்டு மேசைக்குப் போனபோது முதலில் உண்டவர்கள் கை கழுவிவிட்டிருந்தார்கள், மாமியார் தனியே அமர்ந்து உண்டார். அதனால் சொல்கிறேன்: அடுப்பிலிருந்து எடுப்பவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஆவியில் நமுத்துப்போகும். கம்பித்தட்டில் ஒரே வரிசையாகப் பரப்பி, 95 டிகிரி செல்சியஸ் அளவில் சூடாக்கிய ஓவன் அடுப்புக்குள் வைத்து, எல்லாருக்கும் ஒரே வேளையில் பரிமாறுங்கள். மாவை இரவே கரைத்து வைக்காதீர்கள். பேக்கிங் பவுடர் ஈரம் பட்டவுடனேயே வாயுவை வெளிவிடத் தொடங்கிவிடும். உலர்பொருள்களை மட்டும் இரவில் கலந்து வையுங்கள். காலையில் கரைக்கும்போது சிறு கட்டிகள் இருந்தால் இருக்கட்டும், அடித்துக் கலக்கினால் மைதாவின் பசை இறுகிப் பான்கேக் ரப்பராகிவிடும். விப்பிங் கிரீமும் ஐசிங் சுகரும் சூட்டில் கரைவன, அவற்றை மேசைக்கு வந்தபின் இடுங்கள். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் ஒரு துளியும் கூடாது. கண்ணுக்காக முழுத் திராட்சையை வைப்பவர்கள், சிறு பிள்ளைகளின் தட்டில் அதை நீளவாக்கில் நான்காகக் கீறி வையுங்கள், தொண்டையில் அடைக்கும் அபாயம் உண்டு.

மறுமொழி 3

கேட்கப்பட்டதற்கு இன்னும் யாரும் விடை சொல்லவில்லையே. என் பேரன் பனிமனிதப் பான்கேக்கின் தலையை முதல் வாயிலேயே கடித்தான், ஏனென்றால் அந்தத் தலையில் கண்ணையும் பொத்தானையும் வைத்தவன் அவனே. வெறும் பான்கேக்கையும் நறுக்கிய பழங்களையும் குழந்தையின் கையில் கொடுத்துவிடுங்கள். முடிந்த முகமாகத் தட்டில் வந்து இறங்குவதால்தான் அதற்கு உயிர் இருப்பதாக அவளுக்குப் பட்டிருக்க வேண்டும்.

மறுமொழி 4

பழச்சாற்றின் நிறத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. நான் புளுபெர்ரிச் சாற்றைக் கலந்து ஊதா நட்சத்திரங்கள் செய்ய எண்ணினேன். சமையல் சோடா சேர்ந்த மாவு அது. தவாவில் வேக வேக ஊதா மறைந்து சாம்பல் கலந்த பச்சையாயிற்று. மகன் கெட்டுப்போய்விட்டதென்று முகம் சுளித்தான். அவன் கண்ணெதிரே ஒரு நட்சத்திரத்தின் முனையில் எலுமிச்சைச் சாற்றைச் சொட்டினேன். சொட்டு விழுந்த இடத்தில் வட்டமாகச் செந்நிறம் பரவியதைக் கண்டு, அவன் ஐந்து முனைகளிலும் தானே சொட்டு வைத்தான். புளுபெர்ரியின் நிறமி புளிப்பில் சிவக்கும், சமையல் சோடா போன்ற காரப் பொருளில் நீலமும் பச்சையுமாக மாறும். அன்று சாப்பிட வந்தவர்கள் எல்லாரும் எலுமிச்சைக்காகக் காத்து நின்றார்கள். ஊதா நிறமே வேண்டுமென்பவர்கள் சாற்றை மாவில் கலக்காமல் கிரீமில் கலந்து மேலே இடலாம். அங்கே சோடா இல்லாததால் நிறம் மாறுவதில்லை.