செப்டிக் டேங்க் லாரிக்கு எவ்வளவு கொடுத்தீர்கள், எங்கே கொண்டுபோய் இறக்கினார்கள்?

எங்கள் ஊர் தெக்கலூர் பக்கம். போன மாசியில் வீட்டு செப்டிக் டேங்க் நிரம்பிவிட்டது. கழிவறையில் ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றினால் அரை பக்கெட் கொப்பளித்துக்கொண்டு மேலே வந்தது. சுவரில் எழுதியிருந்த எண்களைப் பார்த்து மூன்று லாரிக்காரர்களுக்குப் போன் போட்டேன். ஒருவர் 3,000 கேட்டார், இன்னொருவர் 2,500, மூன்றாமவர் 1,500 கொடுத்தால் போதும் என்றார். மூன்றாமவரையே வரச் சொன்னேன். பொழுது இறங்கித்தான் வருவேன் என்று அவர் சொன்னபோது ஏன் என்று நான் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும்.

ஏழரை மணிக்கு வந்தார்கள். மூடியைத் திறந்து ஓஸை விட்டு மோட்டாரைப் போட்டார்கள், இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது, பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாள் காலையில் சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போகிறேன், பள்ளத்துப் பாலத்தில் (எங்கள் பக்கம் ஓடையைப் பள்ளம் என்போம்) மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. பாலத்தின் கைப்பிடிச் சுவர் மேல் ஓஸ் உரசிய ஈரத்தடம் இன்னும் காயவில்லை. கீழே மணலில் கறுப்பாக ஒரு வாய்க்கால் போல ஓடி, சீமைக்கருவேல மரத்தடியில் தேங்கி நின்றது, அதன் மேல் ஈ மொய்த்தது. அது என் வீட்டுக் கழிவுதான், வேறு யாருடையதும் இல்லை.

அந்தப் பள்ளத்துத் தண்ணீர் எங்கள் ஊர்க் குளத்துக்குத்தான் போகிறது. அத்திக்கடவு அவிநாசித் திட்டத்துக்காக எங்கள் அப்பா காலத்திலிருந்து கேட்டுக் கேட்டு, 2024 ஆகஸ்டில்தான் திறந்தார்கள். காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியில் ஓடும் உபரி நீரை மோட்டார் வைத்து ஏற்றி 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுவருகிறார்கள். எங்கள் குளமும் அதில் ஒன்று. முதல் தண்ணீர் வந்த அன்று பெண்கள் மஞ்சள் குங்குமம் போட்டுக் கும்பிட்டார்கள், அம்மிச்சி (அம்மாவின் அம்மா) அழுதுவிட்டார். அந்தக் குளத்துக்கு நான் 1,500 ரூபாய் கொடுத்து இதை அனுப்பியிருக்கிறேன்.

கோபத்தோடு லாரிக்காரருக்குப் போன் போட்டேன். அவர் மறுக்கவே இல்லை. "ஏனுங்ண்ணா, கோயமுத்தூர் உக்கடத்துல சாக்கடை சுத்தம் பண்ற பிளாண்ட்டுக்குப் போய் எறக்கீட்டு வரோணும்னா போக வர அறுவது கிலோமீட்டருக்கு மேல ஆவுதுங். டீசலு, டிரைவர் பேட்டா, அங்க வரிசையில நிக்கற நேரம். நீங்க குடுத்தது ஆயிரத்தைந்நூறு. பக்கத்துலயே எறக்க எடமிருந்தா நா ஏனுங் பள்ளத்துக்குப் போறேன்?" என்றார். அவர் செய்தது தப்புதான், ஆனால் கணக்கு சரியாக இருந்தது. நாம் கொடுக்கிற காசு உறிஞ்சி எடுப்பதற்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். உறிஞ்சுகிற வேலை இருபது நிமிடம், கொண்டுபோய் முறையாக இறக்குகிற வேலைக்கு அரை நாள் ஆகிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மூன்றே மாதத்தில் டேங்க் மறுபடியும் நிரம்பிக் கழிவு மேலே வந்துவிட்டது. வீடு கட்டிய கொத்தனாரைக் கூட்டிவந்து காட்டினேன். டேங்க்கில் இரண்டு அறை, கசடு தங்குவது பெரும்பாலும் முதல் அறையில். அவர்கள் இரண்டாவது அறையின் மூடியை மட்டும் திறந்து, தெளிந்த தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு போயிருக்கிறார்கள். முதல் அறையின் மூடி மேல் நாங்கள் டைல்ஸ் ஒட்டிவிட்டோம், அது எங்கள் தப்பு. அதை உடைத்து மறுபடி போட்ட செலவு லாரிக் காசை விட அதிகம். வீடு கட்டுபவர்கள் தயவுசெய்து இரண்டு மூடியையும் திறக்கிற மாதிரி விடுங்கள்.

உங்கள் ஊரில் எவ்வளவு, எங்கே இறக்குகிறார்கள் என்று எழுதுங்கள்.

பொள்ளாச்சியிலிருந்து ஒருவர்:

எங்கள் பக்கம் தென்னந்தோப்புக்கு உரம் என்று லாரியை உள்ளேயே விடச் சொல்வார்கள். லாரிக்காரருக்கும் தூரம் மிச்சம், தோட்டத்துக்காரருக்கும் சும்மா கிடைக்கிறது. நானும் இரண்டு வருடம் விட்டேன். கால்நடை மருத்துவர் ஒருவர் தோட்டத்துக்கு வந்தபோது பார்த்துவிட்டு, பச்சையாக ஊற்றினால் அதிலுள்ள குடற்புழு முட்டை மண்ணில் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும், உங்கள் ஆட்கள் வெறுங்காலோடு தேங்காய் பொறுக்குகிறார்களே என்று கேட்டார். அன்றைக்கு நிறுத்தினேன். உரமாக்குவதென்றால் உலர்களத்தில் நன்றாகக் காயவைத்து, மற்ற குப்பையோடு சேர்த்து மக்க வைத்து, அப்புறம்தான் போட வேண்டும். அதைச் செய்ய நம் தோட்டத்தில் வசதி கிடையாது.

திருப்பூரிலிருந்து ஒரு அக்கா:

நாங்கள் இருப்பது லைன் வீடு, எட்டுக் குடும்பம், இரண்டு கழிவறை. வருடத்துக்கு இரண்டு முறை நிரம்பும். வீட்டுக்காரர் வாடகையில் சேராது என்று சொல்லி வீட்டுக்கு 400 பிரிப்பார். போன தடவை லாரி ஓஸில் துணி அடைத்துக்கொண்டது, உடனே ஒரு பையனை உள்ளே இறங்கச் சொன்னார்கள். இருபது வயதுகூட இருக்காது, சட்டையைக் கழற்றிவிட்டான். நான் போய் மூடி மேலேயே நின்றுகொண்டேன். பனியன் கம்பெனியில் என்னோடு வேலை செய்தவளின் தம்பி அப்படி இறங்கித்தான் செத்துப்போனான். உள்ளே இருக்கிற வாயு அளவு கூடினால் நாற்றம்கூடத் தெரியாது, ஒரு மூச்சில் விழுந்துவிடுவார்கள், தூக்கப் போகிறவனும் விழுவான். மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடுக்கிற 2013 சட்டப்படி ஆளை இப்படி இறக்குவதே குற்றம். செத்தால் குடும்பத்துக்கு 30 லட்சம் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, அதற்கு முன் 10 லட்சமாக இருந்தது. எவ்வளவு கொடுத்தால் என்ன, அந்தப் பையன் திரும்பி வருவானா? கடைசியில் கம்பியை விட்டு அடைப்பை எடுத்தார்கள், ஒரு மணி நேரம் கூடுதலாக ஆனது, 500 அதிகம் கேட்டார்கள், எட்டு வீடும் சேர்ந்து கொடுத்தோம். 14420 என்ற உதவி எண்ணுக்குப் போன் செய்தால் முறையான வண்டி அனுப்புவார்கள் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

கோபியிலிருந்து ஒருவர்:

நான் பன்னிரண்டு வருடம் அமெரிக்காவில் படகுத்துறை ஒன்றில் வேலை பார்த்தேன். அங்கே சொகுசுப் படகுகளிலும் கழிவறை உண்டு, அதற்கடியில் நம் செப்டிக் டேங்க் மாதிரி ஒரு தொட்டி. நிரம்பினால் துறைக்கு வந்து ஓஸ் மாட்டி உறிஞ்சிக்கொள்ள வேண்டும். ஆரம்பத்தில் அங்கேயும் பாதிப் பேர் இருட்டில் தண்ணீரிலேயே திறந்துவிடுவார்களாம். 1992இல் ஒரு சட்டம் போட்டு, உறிஞ்சுகிற பம்ப் வைக்கிற துறைகளுக்கு மீன்பிடிச் சாமான், படகு எரிபொருள் இவற்றின் வரியிலிருந்து அரசே பணம் கொடுக்க ஆரம்பித்தது. அந்தப் பணத்தில் வைத்த பம்ப்புக்கு 5 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது என்று அப்போது விதி, வாங்கினால் காரணம் காட்ட வேண்டும். நான் வேலை பார்த்த துறையில் 5 டாலர்தான், பக்கத்துத் துறையில் அதுவும் கிடையாது. ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிடும். அதனால் யாருக்கும் தண்ணீரில் விடத் தோன்றாது. ஊருக்குத் திரும்பி வந்தபோது பவானி ஆற்றங்கரையில் லாரி நிற்பதைப் பார்த்து எனக்குத் தூக்கமே வரவில்லை. தெக்கலூர் அண்ணனின் லாரிக்காரர் சொன்னதும் இதேதான். இறக்குகிற இடம் கிட்டத்தில், குறைந்த காசில் இருந்தால் மிரட்டவே வேண்டியதில்லை.

மறுபடியும் தெக்கலூர்:

கோபி அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் யோசித்தேன். பக்கத்து வீட்டுப் பெரியப்பாவிடம் பேசினேன். அவர் இருபத்தைந்து வருடமாக டேங்க் எடுத்ததே இல்லை என்று பெருமையாகச் சொல்வார். அடியில் தளம் போடாமல் உறை இறக்கிய குழி அது, எல்லாம் மண்ணுக்குள் இறங்குகிறது. அறுபதடி தள்ளி எங்கள் இருவருக்கும் பொதுவான கிணறு. கோபப்படுவார் என்று பயந்தேன், பேசாமல் எழுந்து போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தார். "சரி கண்ணு, என்ன பண்ணோணும்?" என்றார்.

பெரிய லாரி, 9,000 லிட்டர் வண்டி ஒன்று உரிமத்தோடு ஓடுகிறது. எங்கள் வீடு, பெரியப்பா வீடு, மேற்கே ஒரு வீடு, மூன்றையும் ஒரே நடையில் எடுத்து பிளாண்ட்டில் இறக்கினால் 6,600 என்றார்கள், வீட்டுக்கு 2,200. ரசீதும், பிளாண்ட்டில் இறக்கும் படமும் வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும், பகலில்தான் வர வேண்டும் என்று முன்பே பேசிக்கொண்டோம். அடுத்த புதன்கிழமை காலை எட்டு மணிக்கு வருகிறது. பெரியப்பா குழிக்கு அடித்தளம் போட்டு இரண்டு அறை கட்டக் கொத்தனாரிடம் சொல்லியாயிற்று.

அப்புறம், நாலைந்து பஞ்சாயத்துக்குச் சேர்த்து இந்தப் பக்கமே ஒரு கசடு சுத்திகரிப்பு நிலையம் வேண்டும் என்று அடுத்த கிராம சபையில் தீர்மானம் கேட்கப் போகிறோம். பழைய லாரிக்காரரையும் கூப்பிட்டிருக்கிறேன். டீசல் கணக்கை அவரே எழுந்து சொல்கிறேன் என்றிருக்கிறார்.