டோர்டெல்லினியா, டோர்டெல்லோனியா? இத்தாலியில் சாப்பிட்ட கதைகள்

சாப்பாட்டுராமன்:
பொலோனியாவில் பழைய டிராட்டோரியா ஒன்று. கையால் எழுதிய மெனு, அதுவும் கோழி கிறுக்கல். கூட அம்மா, சுத்த சைவம். மிலானில் ரயில் ஏறியதிலிருந்து மனப்பாடம் செய்துகொண்டே போனேன்: இரண்டும் பூரணம் வைத்த பாஸ்தா, டோர்டெல்லோனி பெரியது, உள்ளே ரிக்கோட்டா சீஸ், டோர்டெல்லினி சின்னது, உள்ளே பன்றி இறைச்சி. ஆர்டர் சொல்லும்போது எந்த எழுத்தை முழுங்கினேனோ! அம்மா முன்னால் வந்த குழித்தட்டில் தெளிந்த மஞ்சள் ரசம், அதில் சோழி சோழியாக மிதக்கின்றன. "நம்ம கொழுக்கட்டையைக் குட்டியாப் பிடிச்ச மாதிரி இருக்கேடா" என்று ஆசையாக ஆரம்பித்தாள். மூன்றாவது கரண்டி வாய்க்குப் போகும்போதுதான் ஆவி என் பக்கம் திரும்பியது. கோழி வெந்த வாசனை.

எனக்கு வந்திருந்ததோ 'ராகு' என்ற கறிக் குழம்பு போட்ட டாலியாடெல்லே, நாடா மாதிரி பாஸ்தா, மாற்றிக்கொள்ளவும் வழியில்லை. "பசி தாங்கலம்மா, குடு" என்று பிடுங்கி இரண்டு தட்டையும் நானே காலி செய்தேன். அம்மா வெறும் ரொட்டியைப் பிய்த்துத் தின்றபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்படி என்னடா அலைச்சல்" என்று மட்டும் கேட்டாள். நான்கு வருடம் ஆகிவிட்டது. இன்னும் சொல்லவில்லை. ஊரில் வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் அந்தக் கொழுக்கட்டை ரசத்தைப் புகழ்ந்துகொண்டிருக்கிறாள்.

ஊறுகாய் ஜாடி:
சொல்லாமல் விட்டது நல்லது. ஆனால் உச்சரிப்பின் மேல் பழி போடாதீர்கள். மெனுவில் 'இன் ப்ரோடோ' என்று இருந்தாலே இறைச்சி வேகவைத்து வடித்த சாறுதான், அதைப் பார்த்திருக்க வேண்டும். நீங்கள் தேட வேண்டிய சொல் 'தி மாக்ரோ'. பழைய விரத நாள் சமையலிலிருந்து வந்தது, அது இருந்தால் உள்ளே இறைச்சி வைக்கவில்லை என்று அர்த்தம். "கார்னே (இறைச்சி) வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் போதாது, பிரஷூட்டோ என்ற உப்பிட்ட பன்றித் தொடையைக் கார்னே கணக்கிலேயே சேர்க்காதவர்கள் உண்டு. கிரஷெந்தீனே என்ற பொரித்த ரொட்டிப் பக்கமும் போகாதீர்கள், பழைய முறையில் பொரிப்பது பன்றிக் கொழுப்பில். பக்கத்து ரொமான்யாவின் பியாதீனா ரொட்டிக்கு மாவிலேயே கொழுப்பைச் சேர்த்துப் பிசைவார்கள். இன்னொன்று, பார்மிஜானோ சீஸுக்குப் பால் திரிக்கப் போடுவது கன்றுக்குட்டி வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட். அதனால் அன்றைக்கு டோர்டெல்லோனியே வந்திருந்தாலும், மேலே துருவிப் போட்ட சீஸோடு சுத்த சைவம் போயிருக்கும். டாலியாடெல்லே வெந்தபின் 8 மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்று 1972-இல் வணிகக் கழகத்தில் பதிந்து வைத்த ஊர் அது. அங்கே போய் ஓர் எழுத்தில் கோட்டை விட்டால் எப்படி?

என் அனுபவம்: புல்யாவில் கீரை போட்ட ஒரெக்கியெத்தே பாஸ்தா கேட்டேன். கீரைக்குள் நெத்திலி மாதிரி மீன் கரைந்து கிடந்தது. சாப்பிட்டுவிட்டேன்.

பின்வாசல்:
ஜாடி சார், மனுஷன் அம்மாவிடம் சொல்ல முடியாமல் தவிக்கிறார், நீங்கள் ரென்னெட் பாடம் எடுக்கிறீர்கள். கொஞ்சம் நகருங்கள்.

எனக்கு ரோம், டெஸ்டாச்சியோ. 1975 வரை பெரிய கசாப்புக்கூடம் இருந்த பேட்டை. நல்ல கறியெல்லாம் பணக்கார வீட்டுக்குப் போகும். குடல், வால், ஈரல் எல்லாம் அங்கே வேலை செய்தவர்கள் வீட்டுக்கு. அதுதான் இன்றைக்கு அந்தப் பேட்டையின் பெருமையான சாப்பாடு. சனிக்கிழமை என்றால் திரிப்பா: மாட்டு இரைப்பை, நம்மூரில் குடல் என்போமே அதுதான். நான் அதைக் கேட்டதும் பரிமாறுகிறவர் மெனுவை மூடிவிட்டு, தெரிந்துதான் கேட்கிறாயா என்பதுபோல் தன் வயிற்றைத் தட்டிக் காட்டினார். நானும் என் வயிற்றைத் தட்டிக் காட்டினேன். அவர் உள்ளே பார்த்து ஏதோ கத்த, அடுப்படியிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது.

தக்காளியில் குழைய வெந்த குடல், மேலே பெகொரீனோ சீஸ், புதினா வாசம். மிளகாயும் சோம்பும் இல்லையே தவிர, எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைதான். ரொட்டியால் தட்டை வழித்துக்கொண்டிருந்தபோது அந்தச் சமையல்கார அம்மா ஈரக்கையோடு வந்து நின்று பார்த்தார். எங்கள் ஆத்தா சுண்ணாம்பு போட்டு உரசி உரசிக் கழுவும், நீங்கள் எப்படிக் கழுவுகிறீர்கள் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பாஷை இல்லை. 'போனோ, போனோ' என்று தலையாட்டிவிட்டு வந்தேன். இன்றைக்கும் குடல் கழுவும்போதெல்லாம் அந்தக் கேள்வி வந்து நிற்கும்.

சில்லறை:
குடல் கதை சரி. யாரும் கோபெர்த்தோ பற்றிப் பேசவில்லையே? ஃபுளோரன்ஸில் இரண்டு பேருக்கு 6 யூரோ, உட்கார்ந்ததற்கு! அந்த ஊர் ரொட்டியில் உப்பும் கிடையாது.

பின்வாசல்:
மெனுவின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், படிக்க வேண்டும். ஃபுளோரன்ஸ் இருக்கும் டோஸ்கானா பக்கத்து ரொட்டியே உப்பில்லாததுதான். அங்கே அதைத் தனியாகத் தின்பதில்லை, குழம்பில் தோய்க்கத்தான்.

சில்லறை:
குழம்புக்கு வேறு தனிக் காசு வாங்கினார்களே.

சாப்பாட்டுராமன்:
ஜாடி சார், 'தி மாக்ரோ' குறித்துக்கொண்டேன். அம்மா அடுத்த மாதம் மறுபடி வருகிறாள். அதே கடைக்குத்தான் போக வேண்டுமாம். "இந்தத் தடவை என் தட்டுல கை வெச்சே, பாரு" என்று போனிலேயே சொல்லிவிட்டாள்.