சின்னக் குறை சொன்னாலும் வரிந்துகட்டிக்கொண்டு வருபவரிடம் எப்படிப் பேசுவது?

மல்லிகை:
என் கணவர் அன்பானவர்தான். ஆனால் எதைச் சொன்னாலும் உடனே எகிறுகிறார். நேற்று "பில் இன்னும் கட்டலையா?" என்று மட்டும்தான் கேட்டேன். "நான் என்ன சும்மாவா இருக்கேன்? நீ மட்டும் எல்லாத்தையும் நேரத்துக்குச் செய்யறியா?" என்று ஆரம்பித்து, போன வருஷத்துக் கதை வரைக்கும் போய்விட்டார், கடைசியில் பில்லைப் பற்றிப் பேச்சே இல்லை. சொல்லாமல் இருந்தால் உள்ளுக்குள் புழுங்குகிறது, சொன்னால் சண்டை.

தூரத்துவானம்:
தம்பதிகளின் பேச்சைப் பல ஆண்டுகள் பதிவு செய்து ஆராய்ந்த உளவியலாளர் ஜான் காட்மன், உறவைக் கெடுப்பவை என்று நான்கைச் சொல்கிறார்: ஆளையே குறை சொல்வது, இளக்காரம், உங்கள் கணவர் காட்டும் இந்தத் தற்காப்பு, பதில் பேசாமல் சுவர் மாதிரி இருந்துவிடுவது. தற்காப்பு என்பது பழியை எதிராளி மேல் திருப்பிவிடுவதுதான், அதனால்தான் "நீ மட்டும்" என்று வருகிறது. தன் பங்கு துளியாக இருந்தாலும் அதை ஒப்புக்கொள்வதுதான் மாற்று என்கிறார். "ஆமா, மறந்துட்டேன்" என்று உங்கள் கணவர் சொல்லியிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். நீங்கள் செய்யக்கூடியது, தொடங்கும் விதத்தை மாற்றுவது. 1961-லேயே ஜாக் கிப் என்ற உளவியலாளர் எழுதியிருக்கிறார், எடைபோடும் பேச்சு தற்காப்பைக் கிளப்பும், இருப்பதை விவரிக்கும் பேச்சு அதைத் தணிக்கும் என்று. "கட்டலையா?" என்பதில் 'இன்னுமா' என்ற குத்தல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. "பில்லுக்கு நாளைக்குக் கடைசி நாள், யார் கட்டலாம்?" என்று கேட்டுப் பாருங்கள்.

கூர்முனை:
எப்போதும் கேட்பவரே வார்த்தையை அளந்து அளந்து பேச வேண்டுமா? எனக்கு இதில் உடன்பாடில்லை. அவரும் மாற வேண்டும். இருவரும் சமாதானமாக இருக்கும் ஒரு நேரத்தில், "நான் ஒன்று கேட்டால் நீங்க என்னையே திருப்பிக் கேட்கறீங்க, அது எனக்கு வலிக்குது" என்று சொல்லிவிடுங்கள். சண்டைக்கு நடுவே சொன்னால் ஏறாது. நெஞ்சு படபடக்க ஆரம்பித்துவிட்டால் யாருக்கும் எதுவும் காதில் விழாது, உடம்பு அடங்கக் குறைந்தது 20 நிமிடமாவது ஆகும். "அப்புறம் பேசலாம்" என்று எழுந்து போனால், சொன்னபடி திரும்பி வந்து பேசுவது முக்கியம்.

ஒற்றையடி:
சின்ன வயதில் தப்புக்கெல்லாம் திட்டும் அடியும் வாங்கி வளர்ந்தவர்களுக்கு, சாதாரணக் கேள்விகூட விசாரணையாகக் கேட்கலாம். என் அண்ணன் அப்படித்தான், "சாவி எங்கே?" என்றால் "நான் எடுக்கலை" என்பதுதான் முதல் பதில். உங்கள் கணவர் வீட்டில் எப்படி வளர்ந்தார் என்று ஒருநாள் கேட்டிருக்கிறீர்களா?

மல்லிகை:
கேட்டதில்லை. அவர் அப்பா ரொம்பக் கண்டிப்பானவர் என்று மட்டும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை நிதானமாகக் கேட்டுப் பார்க்கிறேன், என் மனவலியையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.