முடிக்காம மூடி வச்ச கேம் எது? உங்க கதையச் சொல்லுங்க

பசுமலைக்காரன்:
பழைய இரும்புக்குப் போடலாம்னு நேத்து பரண்ல இருந்து சிபியூவ இறக்கினேன். உள்ள பல்லி முட்டை, ஒரு கொத்து நூலாம்படை. சும்மா வயரைச் சொருகிப் பார்த்தா, ஆன் ஆயிருச்சு! டெஸ்க்டாப்ல ப்ராஜெக்ட் ஐஜிஐ, ஒத்தை ஆளாப் பதுங்கிப் போயி எதிரிகளைச் சுடுற கேம். மொத்தம் 14 மிஷன், அதாவது கட்டம். நான் நின்னது ஆறாவதுல.

கேம் வந்தது 2000த்துல. எங்க கைக்கு வந்தப்ப பத்து வருசம் ஓடிப்போச்சு, கீறல் விழுந்த சிடி. ஆடுனவங்களுக்குத் தெரியும், மிஷனுக்கு நடுவுல சேவ் கிடையாது. செத்தா முதல்ல இருந்துதான். இந்தக் கேமை மதுரையில 2012ல ஆடுறது எப்பேர்ப்பட்ட கொடுமைன்னு நெனச்சுப் பாருங்க. ஒரு மணி நேரம் கரண்ட் இருக்கும், ஒரு மணி நேரம் இருக்காது.

கம்பி வேலிக்கு அங்கிட்டுப் பதுங்கி, கம்ப்யூட்டர் ரூமுக்குள்ள புகுந்து கேமராவ அணைச்சு, நாப்பது நிமிசம் மூச்சைப் புடிச்சுக்கிட்டு ஊர்ந்து போவேன். கடைசிக் கதவுகிட்ட வரும்போது மானிட்டர் டப்புனு அணைஞ்சிரும். ஃபேன் மட்டும் நாலு சுத்து சுத்திட்டு நிக்கும். அடுப்படியில இருந்து அம்மா, "நல்லதாப் போச்சு, மோட்டர் ஓடாது, அடிபம்புல ரெண்டு கொடம் அடிச்சுட்டு வாப்பா"ன்னு சொல்லும்.

கரண்ட்டாலதான் விட்டேன்னு இத்தனை வருசமா எல்லார்ட்டயும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். இப்பத்தான் வீட்டுல யூபிஎஸ் இருக்கேன்னு நேத்து ராத்திரி உக்காந்தேன். கேமராவுல மாட்டி, அலாரம் அடிச்சு, ஆளுங்க வந்துக்கிட்டே இருக்கானுங்க. ஒம்போது தடவை செத்தேன். மின்சார வாரியத்தை அநியாயமா வைஞ்சிருக்கேன்.

செல்லூர் பங்காளி:
ஜிடிஏ வைஸ் சிட்டி, ஊருக்குள்ள ரவுடித்தனம் பண்ணித் திரியுற கேம். அதை முடிச்சேன்னு சொல்றவன்ல பாதிப் பேரு புளுகுறான். பான்ஸர்னு குறுக்குவழிக் கோடு டைப் பண்ணி டேங்க்கை எறக்கி ஊரை நசுக்குனதைத்தான் எல்லாரும் முடிச்சதா நெனச்சுக்கிட்டு இருக்கோம். அந்த ரிமோட் ஹெலிகாப்டர் மிஷன்ல கட்டடத்துக்குள்ள நாலு குண்டு வைக்கணும். ப்ரௌசிங் சென்டர் கீபோர்டுல நம்பர் பட்டன் பாதி அமுங்காது, ஹெலிகாப்டர் செவுத்துல முட்டிக்கிட்டே கெடக்கும். அதைக்கூடத் தாண்டிட்டேன் மாப்ள. ஆனா அந்தக் கேம்ல சேவ் பண்ண இருக்குறது எட்டு ஸ்லாட்டு, சென்டருக்கு வர்ற பயலுக எண்பது பேரு. மறுநாள் போறேன், என் ஸ்லாட்டுல எவனோ புதுசா ஆரம்பிச்சு மொத மிஷன்ல நிக்கிறான். மணிக்கு இருவது ரூவா குடுத்தவன் வயித்தெரிச்சல் சும்மா விடுமா?

மேலூர் மதினி:
எங்க காலம் டிவியில மாட்டுற மஞ்சக் கேசட்டு. முழுப்பரிச்சை லீவுல அத்தை வீட்டுக்குப் போனா, அண்ணனும் நானும் மாரியோதான். எட்டு உலகம், ஒவ்வொண்ணுலயும் நாலு கட்டம், சேவ்ங்கிற பேச்சே இல்ல. 7-4 கோட்டை வரைக்கும் போயிட்டோம். அங்க போனா முடிவே வரல. அதே பாலம், அதே நெருப்பு, ஓட ஓட வந்த எடமே திரும்ப வருது. டயம் முடிஞ்சு செத்துருவான். கேசட்டுதான் கோளாறுன்னு கழட்டி வாயால ஊதி ஊதிப் போட்டோம். அண்ணன் வேட்டி முனையில மண்ணெண்ணெய் தொட்டுக்கூடத் தொடச்சுச்சு. அடாப்டர் கொதிக்குதுன்னு அத்தை புடுங்கி வச்சதோட சரி.

போன வருசம் என் மகன் யூட்யூப்ல காட்டுறான். அது புதிர்க் கோட்டையாம்! சரியான வழியில மேலயும் கீழயும் மாறி மாறிப் போனாத்தான் அடுத்த எடம் வருமாம், இல்லைன்னா சுத்தி விட்டுருமாம். அண்ணனுக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம், "கேசட்டைத் தூக்கிப் போட்டுட்டேனேம்மா"ன்னுச்சு.

ஆனையூர் தம்பி:
எல்டன் ரிங், வாள் சண்டை கேம். ஸ்டீம்ங்கிற ஆன்லைன் கேம் கடையில வாங்கி 14 நாளுக்குள்ள, ரெண்டு மணி நேரத்துக்குக் கம்மியா ஆடியிருந்தா காசு திரும்பக் கெடைக்கும். எனக்கு கேம்ல என் ஆளுக்கு மூஞ்சி செய்யவே முக்கால் மணி நேரம். மிச்ச நேரம் பூரா வெளிய வந்ததும் நிக்கிற தங்கக் குதிரைக்காரன்ட்ட மிதி. அவனை விட்டுட்டுச் சுத்திப் போயிரலாம்னு தெரிஞ்சப்ப மணிக்கணக்கு தாண்டிருச்சு. இப்ப கேமும் வேணாம், காசும் வராது.

திருநகர்:
ரெட் டெட் ரிடம்ப்ஷன் 2. இன்னும் முடிக்காதவங்க இதைப் படிக்காதீங்க, கதை உடைஞ்சிரும்.

150 ஜிபி. எறக்கவே நாலு நாள் ஆச்சு. ஆரம்பத்துல நம்ம ஆடுற கௌபாய் ஆர்தர் கடன் வசூலுக்குப் போவான்ல, ஒரு நோயாளியப் புடிச்சு அடிப்பான், அந்தாளு இவன் மூஞ்சிலயே இருமிருவான். அப்ப ஒண்ணும் தோணல. ரொம்ப நாள் கழிச்சு கேம்ல வர்ற செயின்ட் டெனிஸ் ஊர்த் தெருவுல ஆர்தர் மயங்கி விழுறான், டாக்டர் பார்த்துட்டு டிபின்னு சொல்றாரு.

எங்கப்பா டிபிக்குத் தோப்பூர் ஆஸ்பத்திரியில இருந்தவரு. நான் எட்டாவது படிச்சேன். அம்மா தூக்குச்சட்டியில கஞ்சி கொண்டுபோகும், நான் வேப்பமரத்தடியில உக்காந்திருப்பேன், உள்ள விடமாட்டாங்க. ஆறு மாசம் மாத்திரை, ஒருநாள் விடாமத் தின்னாரு, குணமாயிட்டாரு. இன்னைக்கும் காலையில டீக்கடைக்கு நடந்துதான் போறாரு. ஆர்தர் இருக்குறது 1899ல. டிபி மருந்து ஸ்ட்ரெப்டோமைசினக் கண்டுபிடிச்சதே 1943லதான். அவனுக்கு முடிவு என்னன்னு அந்த டாக்டர் ரூம்லயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு.

ஒருநாள் ஹெட்ஃபோன் இல்லாம ஆடிக்கிட்டு இருந்தேன். ஆர்தர் குதிரை மேல இருமுறான். பக்கத்து ரூம்ல இருந்து அப்பா, "யாருய்யா அங்க இருமுறது?"ன்னாரு. கேம்ப்பான்னேன். கொஞ்ச நேரங்கழிச்சு, "அவனை மாத்திரைய விடாமத் திங்கச் சொல்லு"ன்னாரு.

ஆத்தோரமா குதிரையக் கட்டி, கூடாரம் போட்டு, சேவ் பண்ணிட்டு வெளிய வந்தேன். மூணு வருசமாச்சு, அங்கனயேதான் இருக்கான்.

மேலூர் மதினி:
தம்பி, அப்பாவ நான் விசாரிச்சேன்னு சொல்லுங்க.

பசுமலைக்காரன்:
இரும்புக்காரர் காலையில வந்தாரு, இருநூறு ரூவான்னாரு. அடுத்த வாரம் வாங்கண்ணேன்னு அனுப்பிட்டேன். ஆமா, ஆறாவது மிஷன்ல கேமராவ அணைக்கிற கம்ப்யூட்டர் எந்த ரூம்ல இருக்கு? யாருக்காச்சும் ஞாபகம் இருக்கா?