புதுப்பிப்பு: சமையல் குறிப்புப் பதிவுக்கு வேர்ட்பிரஸ் வார்ப்புரு, வேலை செய்கிறது

வேர்ட்பிரஸில் (வலைத்தளம் நடத்த உதவும் மென்பொருள்) ஒவ்வொரு புதிய பதிவிலும் பொருட்கள், செய்முறை, நேரம் ஆகிய பகுதிகள் தானாக வர வேண்டும் என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

முதலில் ஒத்திசைக்கப்பட்ட பேட்டர்னை, அதாவது ஓரிடத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் மாறும் ஆயத்தத் துண்டை, முயன்றேன் (வேர்ட்பிரஸ் 6.3 பதிப்புக்கு முன் 'ரீயூசபிள் பிளாக்' என்றிருந்ததுதான்). அது இதற்குச் சரிவராது. சாம்பார் பதிவில் அளவை மாற்றியதும் ரசம் பதிவிலும் மாறிவிட்டது. மூன்று பதிவுகளை உட்கார்ந்து திருத்த வேண்டியதாயிற்று.

தீர்வு தந்தது, தீமுக்குள் (தளத்தின் தோற்றத்தை அமைக்கும் கோப்புத் தொகுப்பு) 'பேட்டர்ன்ஸ்' கோப்புறையில் ஒரு பிஎச்பி (நிரல்மொழி) கோப்பு வைக்கச் சொன்ன யோசனை. வேர்ட்பிரஸ் 6.0 முதல் அங்கே வைத்தாலே போதும், தனியாகப் பதிவு செய்ய வேண்டாம். கோப்பின் தலைப்பகுதியில் டைட்டில், ஸ்லக் (வார்ப்புருவை அடையாளம் காட்டும் தனிப்பெயர்) இரண்டும் கட்டாயம். 'பிளாக் டைப்ஸ்' வரியில் 'கோர்/போஸ்ட்-கன்டென்ட்' என்று கொடுத்தால், புதிதாகத் தொடங்கும்போதே வார்ப்புருவைத் தேர்ந்தெடுக்கும் பெட்டி திறக்கும்.

ஆனால் எனக்கு அது பக்கங்களுக்கு ('அறிமுகம்' போன்ற நிலையான பக்கங்கள்) மட்டும்தான் திறந்தது! அரை நாள் தேடினேன். பதிவுகளுக்கும் வர வேண்டுமென்றால் 'போஸ்ட் டைப்ஸ்' வரியில் 'போஸ்ட்' என்றும் சேர்க்க வேண்டுமாம். சேர்த்ததும் உடனே வந்தது.

அப்புறம், கோப்பைத் திருத்தினால் பழைய பதிவுகள் மாறாது, எனக்கு அதுதான் தேவை. வேறு தீமுக்கு மாறினால் வார்ப்புரு பட்டியலிலிருந்து போய்விடும், எழுதிய பதிவுகளுக்கு ஒன்றும் ஆகாது. சைல்டு தீமில் (மூலத் தீமைச் சார்ந்து இயங்கும் தனித் தீம்) வைத்திருக்கிறேன், மூலத் தீம் அப்டேட் ஆனாலும் கோப்பு அழியாது.